நாலாயிரம் பேருக்கு நடுவே பத்து நிமிடம்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கேட்டரிங் படித்து முடித்து, குரூஸ் கப்பலில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கான ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்திருக்கிறார். எட்டு மாத கான்ட்ராக்ட். "வேலை கஷ்டம் என்று தெரியும், அதற்குத் தயார். ஆனால் நான் கொஞ்சம் ஒதுங்கியே இருக்கிற ஆள். அறையில் இன்னொருத்தர், சாப்பிடுகிற இடத்தில் கூட்டம், வேலையில் பயணிகள். எட்டு மாதமும் இப்படியேதானா? தனியாக, அமைதியாக உட்கார வழி உண்டா?"

உண்டு தம்பி. ஆனால் கரையில் கிடைக்கிற மாதிரி கிடைக்காது. நான் தூத்துக்குடிக்காரன், பத்து வருடத்தில் ஒன்பது கான்ட்ராக்ட் முடித்தவன். எல்லாமே ஹவுஸ்கீப்பிங். பெரும்பாலும் கரீபியன், மூன்று சீசன் அலாஸ்கா. முதல் கான்ட்ராக்டில் இரண்டு மாதம் நானும் ஒரு மூலை கிடைக்காதா என்று அலைந்தேன். அப்புறம்தான் பிடிபட்டது. கப்பலில் காலியான இடம் என்று ஒன்று கிடையாது. காலியாகிற நேரம் உண்டு. எந்த இடம் எப்போது காலியாகும் என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் முழு வித்தையும்.

முதலில் கூட்டத்தின் அளவைப் பாருங்கள். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து முதல் பயணம் போன 'ஐகான் ஆஃப் த சீஸ்' கப்பலில் எல்லாக் கட்டிலும் நிறைந்தால் 7,600 பயணிகள். ஊழியர்கள் 2,350 பேர். சுமார் 365 மீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய பத்தாயிரம் பேர். உங்கள் கப்பல் அதில் பாதியாக இருக்கலாம். பாதி என்றாலும் ஊழியர்களுக்கு ஒதுக்கியிருப்பது நீர்மட்டத்தை ஒட்டியும் அதற்குக் கீழும் உள்ள சில தளங்கள்தான். அங்கே முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே நீள நடைபாதை. அமெரிக்கக் கிழக்குக் கரையோர நெடுஞ்சாலையின் பெயரை வைத்து அதை ஐ-95 என்பார்கள். லினன் ட்ராலி, தக்காளிப் பெட்டி, குப்பை வண்டி, மேடைக்கு ஓடும் நடனப் பெண், தூங்கப் போகிற பேக்கர், எல்லாரும் அந்த ஒரே பாதையில். கோயம்பேடு மார்க்கெட்டுக்குக் கூரை போட்டு ஏசி மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி.

அறை இரண்டு பேருக்கு. அடுக்குக் கட்டில், ஜன்னல் இல்லை. புதிதாகப் போகிறவருக்கு மேல் கட்டில்தான் விழும். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரை உண்டு. அந்தத் திரையை இழுத்துவிட்டால் அதுதான் உங்கள் வீடு. இது எழுதாத சட்டம்: திரை மூடியிருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். உள்ளே விழித்துக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. உங்கள் ரூம்மேட்டுக்கும் அதே மரியாதையை முதல் நாளிலிருந்தே கொடுங்கள், தானாகத் திரும்பி வரும்.

வாய்ப்பு இருந்தால் உங்கள் ஷிஃப்டுக்கு நேர் எதிர் ஷிஃப்டில் இருக்கிறவரோடு தங்குங்கள். சாதாரணமாக ஒரே டிபார்ட்மெண்ட் ஆட்களைத்தான் ஒன்றாகப் போடுவார்கள். ஆனால் இரண்டு பக்கமும் சம்மதித்தால் அறை மாற்றித் தருவார்களா என்று ஊழியர் அலுவலகமான க்ரூ ஆபீசில் கேட்டுப் பார்க்கலாம். நான்காவது கான்ட்ராக்டில் எனக்கு வாய்த்தவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், இரவில் தளங்களைக் கழுவுகிற வேலை. நான் காலையில் எழுந்து போகும்போது அவர் வந்து படுப்பார். நான் இரவு வரும்போது அவர் கிளம்பியிருப்பார். ஏழு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் விழித்திருந்து பேசியது ஒரு நாளைக்கு அரை மணி இருந்தால் அதிகம். மற்றதெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள்தான். "குழாய் ஒழுகுகிறது, சொல்லிவிட்டேன்." "நாளை அறை இன்ஸ்பெக்ஷன்." ஒருநாள் சீட்டே இல்லை, அந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டிய ஒரு காய்ந்த மாம்பழப் பாக்கெட். அன்றைக்கு அவருக்குப் பிறந்தநாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒரே ஒரு சிரமம், மதியம் நீங்கள் அறைக்கு வந்தால் பூனை மாதிரி நடக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'அமைதி' என்று நீங்கள் கேட்பது சத்தமே இல்லாத நிலையை என்றால், அது கப்பலில் கிடையவே கிடையாது. 2014 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் சர்வதேச விதிப்படி, பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட புதிய கப்பல்களில் தூங்குகிற அறைக்குள் சத்தம் 55 டெசிபலைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்கிற சத்தத்துக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். பழைய கப்பல்களில் அதற்கும் மேலே இருக்கும். அறை முன்பக்கம் என்றால் விடிகாலையில் கப்பல் துறைமுகத்தில் அணையும்போது, அதைப் பக்கவாட்டில் தள்ளுகிற த்ரஸ்டர் ஓடும். கட்டிலோடு பல்லும் சேர்ந்து அதிரும். பின்பக்கம் என்றால் நாள் முழுக்க ப்ரொப்பெல்லரின் நடுக்கம். காற்றுக் குழாயின் இரைச்சல் எல்லா அறைக்கும் பொது.

பதினைந்து நாளில் அந்த இரைச்சல் காதில் விழாமல் போய்விடும். எவ்வளவு தூரம் பழகிப்போகிறோம் என்பது ஓர் இரவில் தெரிந்தது. அதிகாலை இரண்டரை இருக்கும், கப்பலில் மின்சாரம் போய்விட்டது. ஏசி நின்றது, குழாய் நின்றது, கட்டிலுக்கு அடியிலிருந்த நடுக்கம் நின்றது. எந்த அலாரமும் அடிக்கவில்லை. ஆனால் எங்கள் நடைபாதையில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்தது. அத்தனை பேரும் மங்கலான அவசர விளக்கில், பனியனும் லுங்கியுமாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். எங்களை எழுப்பியது சத்தம் நின்றதுதான். அவசர ஜெனரேட்டர் 45 விநாடிக்குள் தானாகவே மின்சாரம் தர வேண்டும் என்பது விதி, தந்தது. பெரிய இன்ஜின்கள் திரும்ப ஓட ஆரம்பித்து அந்த இரைச்சல் வந்த பிறகுதான் யாரும் படுக்கப் போனோம்.

சரி, நேரத்துக்கு வருவோம். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் ஓய்வுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு. ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்து மணியை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒரு துண்டு ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குளிப்பது, துவைப்பது, சாப்பிடுவது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அந்தப் பத்துக்குள்தான். வார விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. அதனால் அமைதி வேண்டும் என்று தூக்கத்தில் கை வைக்காதீர்கள். புதிதாக வருகிற ஒதுங்கிய சுபாவக்காரர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் தனிமை கிடைக்கிறது என்று இரண்டு மணி வரை விழித்திருப்பார்கள். மூன்றாவது வாரம் கண் இரண்டும் சிவந்து, சும்மா கேட்டதற்கெல்லாம் எரிந்து விழுவார்கள்.

கப்பலுக்கே அமைதியான நேரம் எது தெரியுமா? துறைமுகத்தில் நிற்கிற நாளில் காலை பத்தரையிலிருந்து மதியம் இரண்டு வரை. பயணிகளில் பெரும்பகுதி இறங்கியிருப்பார்கள். பயணிகள் தளத்து நடைபாதையில் உங்கள் ட்ராலியின் சக்கரம் மட்டும்தான் கேட்கும். எனக்கு 16 அறைகள். பால்கனி அறைகளில் கைப்பிடியையும் கண்ணாடியையும் துடைக்க வேண்டும். கடல்காற்றில் ராத்திரியோடு ராத்திரியாக உப்பு படிந்து வெள்ளையாக இருக்கும். கையில் துணி, எதிரே கடல், பின்னால் பூட்டிய கதவு. ஒரு பால்கனிக்கு மூன்று நிமிடம். அங்கே நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள், பக்கத்துக் கப்பலிலிருந்துகூடப் படம் எடுத்துவிடுவார்கள். நின்றுகொண்டே துடைக்கிற அந்த மூன்று நிமிடத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது, அது உங்கள் வேலை. நான் பால்கனி அறைகளை எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வேன்.

ஐபிஎம் (இன் போர்ட் மேனிங்) என்று ஒன்று வரும். கப்பல் கரையில் நிற்கும்போதும் அவசரநிலையைச் சமாளிக்கப் போதுமான ஆட்கள் உள்ளே இருந்தாக வேண்டும் என்பதால், முறைவைத்து ஒரு பகுதி ஊழியர்களை இறங்க விடமாட்டார்கள். பெயர் வந்துவிட்டால் எல்லாரும் சபிப்பார்கள். எனக்கு அந்த நாள் பிடிக்கும். மற்றவர்கள் அத்தனை பேரும் வெளியே ஓடியிருக்க, மதிய இடைவேளையில் க்ரூ மெஸ் காலி, ஜிம் காலி, துவைக்கிற அறையில் மெஷின் காலி. மற்ற நாளில் அந்த மெஷினுக்காக அடிதடி நடக்காத குறை! துணி சுற்றுகிற அந்த நாற்பது நிமிடம் பெஞ்சில் சாய்ந்திருந்தால் சோப்பு வாசனையும் வெதுவெதுப்பும்... வெளியே மெக்சிகோவின் கொஸுமெல் கடற்கரை இருந்தாலென்ன.

டர்ன் அரவுண்ட் நாளில் மட்டும் எதையும் எதிர்பார்க்காதீர்கள். பழைய பயணிகள் இறங்கி, அன்று மதியமே புதியவர்கள் ஏறுகிற நாள். அன்றைக்குச் சாப்பிட நேரம் கிடைத்தால் அதுவே பெரிது.

அடுத்தது திறந்த தளம். பல கப்பல்களில் முன்முனையில், எங்கள் ஊர்ப் படகில் அணியம் என்போமே அந்த இடத்தில், ஊழியர்களுக்கென்று ஒரு தளம் விட்டிருப்பார்கள். பகலில் அது புகைபிடிப்பவர்களின் ராஜ்ஜியம். இரவில் போங்கள். அங்கே ஒரு விளக்கும் எரியாது. மேலே கப்பலைச் செலுத்துகிற அறையான பிரிட்ஜில் காவல் நிற்பவர்களுக்கு இருட்டில் கண் தெரிய வேண்டும் என்பதற்காக முன்பக்கத்தை இருட்டாகவே வைத்திருப்பார்கள். செல்போன் டார்ச்சை அடித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை விழுந்த சாவியைத் தேட அடித்தேன், இரண்டே நிமிடத்தில் செக்யூரிட்டி வந்து நின்றார். கண் பழகப் பத்து நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு வானத்தில் இத்தனை நட்சத்திரமா என்று இருக்கும். முகத்தில் அடிக்கிற காற்று கொண்டலா வாடையா என்று யோசித்தால் ஒன்றும் விளங்காது, ஏனென்றால் பாதிக் காற்று கப்பலின் வேகம் கிளப்புவது.

கயிறு கட்டுகிற தளத்தில் மட்டும் ஒதுங்காதீர்கள். ஆள் நடமாட்டம் இல்லையே என்று ஆசையாக இருக்கும். இழுபட்டு நிற்கிற கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வந்து ஆளையே முடித்துவிடும். அது டெக் ஆட்களின் இடம். இரவில் திறந்த தளத்துக்குப் போனால் ரூம்மேட்டிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள், கைப்பிடிமேல் ஏறி உட்காராதீர்கள், குடித்திருந்தால் போகவே போகாதீர்கள். கடலில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால் பிழைப்பது அபூர்வம்.

கரையில் இறங்கினால் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போவார்கள்: இலவச வைஃபை இருக்கிற முதல் கடை. நீங்கள் இன்னும் இருபது நிமிடம் நடந்து பாருங்கள். அலாஸ்காவில் ஸ்கேக்வே என்று ஒரு குட்டி ஊர், 1898 தங்க வேட்டைக் காலத்தில் பெருத்த ஊர். ரயில் பாதையைத் தாண்டி மலைமேல் ஒரு பாதை போகும், லோயர் டூயி ஏரிக்கு. செங்குத்தான ஏற்றம்தான், ஆனால் அரை மணியில் மேலே போய்விடலாம். மூன்று மணி நேர இடைவேளையில் ஏறி, அரை மணி உட்கார்ந்து, இறங்கி, யூனிஃபார்ம் மாட்டிவிடலாம். மதுரைப் பையன் ஒருவனை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். ஏரிக்கரையில் கால் மணி நேரம் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இறங்கும்போது "அண்ணே, காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றான்.

பெரிய துறைமுகங்களில் மாலுமிகளுக்கான இல்லங்கள் இருக்கின்றன. 1856இல் தொடங்கிய 'மிஷன் டு சீஃபேரர்ஸ்', கத்தோலிக்கத் திருச்சபையின் 'ஸ்டெல்லா மாரிஸ்', ஃபோர்ட் லாடர்டேல் அருகே போர்ட் எவர்கிளேட்ஸில் 'சீஃபேரர்ஸ் ஹவுஸ்' இந்த மாதிரி. எந்த மதத்துக்காரரும் போகலாம். நாற்காலி, இணையம், பேச ஆள் வேண்டுமென்றால் ஆள். வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

கப்பலே வாயை மூடுகிற ஓர் இடமும் உண்டு, அலாஸ்காவில் கிளேசியர் பே என்கிற விரிகுடா. ஒரு நாளைக்கு இரண்டு குரூஸ் கப்பல்களுக்குத்தான் அனுமதி. மார்ஜரி பனிப்பாறைக்கு எதிரே கப்பல் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பாட்டு கிடையாது. சூப்பர்வைசரே வந்து "பத்து நிமிடம் போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிய நாள் அது. ஊழியர் தளத்தில் சமையல்காரர்கள் தொப்பியோடு, நாங்கள் கையுறையோடு, மெக்கானிக் ஒருத்தர் இன்ஜின் சத்தத்துக்காகக் காதில் மாட்டிய மஃப்போடு நிற்கிறோம். எங்கோ பாறையிலிருந்து ஒரு துண்டு பிரிந்து விழுந்தது. கண்ணுக்கு முதலில் தெரிந்தது, சத்தம் சில விநாடி கழித்து இடி மாதிரி வந்தது. அந்த மண்ணின் பூர்வகுடிகளான டிளிங்கிட் மக்கள் அதை வெள்ளை இடி என்கிறார்கள். மெக்கானிக் மஃப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் போன். என் முதல் கான்ட்ராக்டில் நிமிடக் கணக்கில் கார்டு வாங்கித்தான் பேச வேண்டும். அறைக்குள் போன் என்பது கடிகாரம் பார்க்க. இப்போது செயற்கைக்கோள் இணையம் கட்டில்வரை வருகிறது. 2024 டிசம்பரிலிருந்து, ஊழியர்களுக்கு இணைய வசதி தருவதும் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் கரீபியனில் நீங்கள் இரவு பத்து மணிக்கு வேலை முடிக்கும்போது ஊரில் காலை ஏழரை, எட்டரை. அம்மா அப்போதுதான் எழுந்து அடுப்பு பற்றவைத்திருப்பார். "சாப்பிட்டியா"வில் ஆரம்பித்து பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை ஒரு மணி நேரம் ஓடிவிடும். தினமும் ஓடினால் உங்களுக்கென்று இருந்த நேரம் அதோடு முடிந்தது. நான் வாரத்தில் மூன்று நாள் என்று வீட்டில் சொல்லி வைத்துவிட்டேன். முதல் மாதம் அழுகை, இரண்டாவது மாதம் கோபம், மூன்றாவது மாதம் அவர்களுக்கே அது வசதியாகிவிட்டது.

நீங்கள் எதிர்பார்க்காத ஒரு மௌனமும் வரும். கப்பலில் இந்தியர்கள் நிறைய இருப்பார்கள், கோவா, மும்பை, கேரளா. தமிழ் பேசுகிறவர் ஒருவர்கூட இல்லாத கான்ட்ராக்டும் வாய்க்கலாம். வீட்டுக்குப் பேசுகிற நேரம் தவிர, ஐம்பது நாள் வாயில் தமிழ் இல்லாமல் இருந்திருக்கிறேன். சுற்றிலும் பேச்சு இருக்கும், உள்ளே ஒன்றும் நகராது. அப்போது ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எதையாவது எழுத ஆரம்பித்தேன், அன்றைய மெனுவைக்கூட. திரைக்குள், கிளிப் விளக்கில்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் உலகம் முழுக்க குரூஸ் கப்பல்கள் நின்றன. பயணிகள் இறங்கிவிட்டார்கள், விமானமில்லை, துறைமுகங்கள் விடவில்லை, பல்லாயிரம் ஊழியர்கள் கப்பலிலேயே மாட்டிக்கொண்டார்கள். நானும்தான். எங்களுக்குப் பயணிகளின் பால்கனி அறையை ஆளுக்கொன்றாகத் தந்தார்கள். பத்து வருடம் மூன்று நிமிடமாகத் துடைத்த பால்கனி, இப்போது நாள் முழுக்க எனக்கு. சாப்பாடு கதவுக்கு வந்தது. முதல் வாரம் சொர்க்கம். மூன்றாவது வாரம் பக்கத்து அறையில் யாராவது தும்மினால்கூட ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு எப்போது என்று தெரியாத அமைதி வேறு மாதிரி அமுக்கும். அதனால், ஒதுங்கியிருப்பது உங்களுக்குத் தெம்பு தருகிறதா, யாரையும் பார்க்கவே பிடிக்காமல் திரைக்குள்ளேயே கிடக்கிறீர்களா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் கப்பல் டாக்டரிடம் போங்கள். வெளியே பேச வேண்டுமென்றால் 'சீஃபேரர்ஹெல்ப்' என்கிற இலவசத் தொலைபேசி உதவி 24 மணி நேரமும் உண்டு. வாரம் ஒருமுறை க்ரூ பாரில் தலையைக் காட்டுங்கள், குடிக்க வேண்டாம், ஒரு ஜூஸ் போதும். நாலு பேருக்கு உங்கள் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியில் எடுத்துப் போக வேண்டியது: நுரை இயர் ப்ளக் ஒரு டஜன் (அதைப் போட்டாலும் அவசர அலாரம் காதில் விழும், இரைச்சலை அடைக்கிற பெரிய ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு தூங்காதீர்கள்), பேட்டரியில் எரிகிற சின்ன கிளிப் விளக்கு, ஒரு நோட்டு. அட்லாண்டிக்கைத் தாண்டி மேற்கே போகிற பயணம் உங்கள் அட்டவணையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வழக்கமாக இலையுதிர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து கரீபியனுக்குத் திரும்புகிற பயணம். அப்போது பல இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அந்த நாளுக்கு 25 மணி நேரம். அந்த ஒரு மணியை யாரும் ஷிஃப்டில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

எந்தக் கப்பலில் சைன் ஆன், அதாவது வேலையில் சேரப் போகிறீர்கள், என்று தெரிந்ததும் பெயரை எழுதுங்கள். நான் வேலை பார்த்த கப்பலாகவோ, அதே அமைப்பில் கட்டிய அதன் சகோதரிக் கப்பலாகவோ இருந்தால், முன்தளத்துக்கு எந்தப் படிக்கட்டில் ஏற வேண்டும் என்று சொல்கிறேன்.